கடலில் போர்க்கைதியாக இறந்தவரைத் தேடி நினைவுகூர்வது எப்படி: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் சில தமிழ்க் குடும்பங்களில் கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்கும். மாலை இருக்கும், திதி இருக்காது. கேட்டால், "பெரிய தாத்தா, கப்பல் வேலைக்குப் போனவரு. சண்டையில ஜெர்மன்காரன் பிடிச்சுட்டான். அப்புறம் ஒண்ணும் தெரியல" என்பார்கள். சில வீடுகளில் ஜப்பான்காரன். சில வீடுகளில் அதுகூடத் தெரியாது, "கடல்லயே போயிட்டாரு" என்பதோடு சரி.

அந்த "ஒண்ணும் தெரியல" என்பதிலிருந்து தொடங்கி, பெயர், கப்பல், நாள், இறந்த விதம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, முறையாக அவரை நினைவுகூர்வது வரை என்னென்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். கப்பலில் அடுப்பெரித்தவர், சமைத்தவர், கணக்கு எழுதியவர், பயணியாகப் போனவர் யாரும் சிப்பாய்கள் அல்லர். அதனால் ராணுவப் பட்டியல்களில் எவ்வளவு தேடினாலும் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். பலரும் அங்கேயே தேடிக் களைத்துவிடுகிறார்கள்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதிரியின் கப்பலில் கைதியாக இருந்து இறந்தவர்களில் பெரும்பங்கினரை எதிரி கொல்லவில்லை. நம் பக்கத்துக் குண்டும் டார்பிடோவும்தான் கொன்றன. தேடித் தேடி அந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது வீட்டுப் பெரியவர்கள் அதிர்ந்துபோவார்கள். அதற்கும் சேர்த்துத் தயாராக இருங்கள்.

முதல் படி: இது கைதி மரணம்தானா என்று பாருங்கள்

மும்பையில் "கப்பலில் செத்தார்" என்ற நினைவு மூன்று நான்கு வேறு சம்பவங்களைக் குறிக்கலாம். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' கப்பல் வெடித்துச் சிதறியது. அதில் இறந்தவர்களில் துறைமுகத் தொழிலாளிகள் ஏராளம். உங்கள் குடும்பக் கதையில் "டாக்கு", "தீ", "ஏப்ரல்" என்ற சொற்கள் வந்தால் முதலில் அங்கே தேடுங்கள். அது கைதி மரணம் அல்ல.

அடுத்தது, கப்பல் தாக்கப்பட்ட அதே நாளில் மூழ்கி இறந்தவர்கள். முதல் உலகப்போரில் 'வூல்ஃப்' என்ற ஜெர்மானியக் கப்பல் பம்பாய்க்கும் கொழும்புக்கும் வெளியே கடலில் கண்ணிவெடிகளை விதைத்துவிட்டுப் போனது. 1917 ஜூன் 23 அன்று பி அண்டு ஓ கம்பெனியின் 'மங்கோலியா' பம்பாயை நெருங்கியபோது அதில் ஒன்றில் மோதித்தான் மூழ்கியது. அதில் இறந்தவர்களும் போரில் இறந்தவர்கள்தாம், கைதிகள் அல்லர். இதே வூல்ஃப் கப்பல் தான் பிடித்த கப்பல்களின் ஆட்களைத் தன் வயிற்றுக்குள் அடைத்துக்கொண்டு கடல்கடலாகச் சுற்றி, 1918 பிப்ரவரியில் 400க்கும் மேற்பட்ட கைதிகளோடு கீல் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஒரே கப்பல், இரண்டு வகையான கதை.

மூன்றாவது வகை, பிடிபட்டுக் கரை சேர்ந்து முகாமில் இறந்தவர்கள். ஜெர்மனியில் பிரேமன் நகருக்கு அருகே 'மிலாக் நோர்ட்' என்ற முகாம் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கென்றே இருந்தது. இந்திய மாலுமிகளும் அதில் இருந்தார்கள். கரையில் இறந்தவருக்குப் பெரும்பாலும் கல்லறை உண்டு, கடலில் இறந்தவருக்குப் பெயர் மட்டும்தான்.

இந்த மூன்றையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் நம் விஷயம்: பிடிபட்டு, பிடித்தவர்களின் கையில் இருக்கும்போதே கடலில் இறந்தவர்.

இரண்டாம் படி: வீட்டில் கேளுங்கள், ஆனால் போரைப் பற்றிக் கேட்காதீர்கள்

பாட்டியிடம் போய் "தாத்தா எப்படி இறந்தார்?" என்று கேட்டால் சினிமாக் கதைதான் வரும். பணத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊர்த் தபாலாபீசுக்கு மணியார்டர் வந்தது, எந்த மாதம் நின்றது, அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்தோ சர்க்காரிலிருந்தோ ஏதாவது தொகை வந்ததா, அதை வாங்க யார் பம்பாய்க்கு வந்தார்கள், யார் கைநாட்டு வைத்தார்கள். சண்டையை மறந்தவர்கள்கூடப் பணம் நின்ற மாதத்தை மறப்பதில்லை. கடைசிக் குழந்தை பிறந்த ஆண்டு, மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு அவர் இருந்தாரா இல்லையா என்பவையும் காலத்தைக் குறுக்க உதவும்.

அடுத்து, தகரப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் தேடுவது இவை: சி.டி.சி. என்று மாலுமிகள் சொல்லும் பணிச்சான்றுப் புத்தகம், கம்பெனிக் கடிதம், "காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறார்" என்ற வகை அறிவிப்பு, செஞ்சிலுவைச் சங்க முத்திரை உள்ள ஏதாவது தாள். ஒரு தாளையும் தூக்கி எறியாதீர்கள். தபால் உறைதான் பல சமயம் உள்ளே இருக்கும் கடிதத்தைவிட அதிகம் சொல்லும், ஏனென்றால் தேதி முத்திரை அதில்தான் இருக்கிறது.

அவர் என்ன வேலை பார்த்தார் என்பதைக் கப்பல் பாஷையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சாரங்கு, தண்டல், கலாசி என்றால் மேல்தளம். ஃபயர்மேன் என்றால் எஞ்சின் அறை. பண்டாரி என்றால் சமையல். பட்லர், பாய் என்றால் பயணிகளைக் கவனிக்கும் சலூன் பிரிவு. ஒரே கப்பலில்கூட ஒவ்வொரு பிரிவுக்கும் ஆள் எடுத்த ஊரும் வழியும் வேறு.

மூன்றாம் படி: பெயரை உடைத்துப் போடுங்கள்

இந்த வேலையில் அதிக நேரத்தைக் கோருவது இதுதான், இங்கேதான் பலர் தோற்கிறார்கள். பம்பாய் ஷிப்பிங் ஆபீசில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நிற்பவர் சொன்ன பெயர் அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஆங்கிலத்தில் எழுதினார். கப்பலில் இன்னொருவர் அதைப் பார்த்துப் படியெடுத்தார். பிடிபட்ட பிறகு ஒரு ஜெர்மானியரோ ஜப்பானியரோ மூன்றாம் முறை எழுதினார்.

அதனால் ஒரு பெயருக்குக் குறைந்தது ஆறேழு எழுத்துவடிவங்களையாவது எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். ஞானப்பிரகாசம் என்றால் 'ஜி', 'என்', 'ஒய்' மூன்று எழுத்துகளிலும் பாருங்கள். 'ழ' வரும் பெயரை 'எல்', 'ஆர்', 'இசட்' எல்லாவற்றிலும் பாருங்கள். முகைதீன் என்ற பெயர் மைதீன், மொய்தீன், மொஹிதீன், முஹியித்தீன் என்று எத்தனை விதமாகவும் இருக்கும். முத்து, சாமி, அப்பன் போன்ற வால்கள் தனிச்சொல்லாகப் பிரிந்து நின்று, அதுவே குடும்பப் பெயராகியிருக்கும்.

நம் இனிஷியல் முறை இன்னொரு சிக்கல். தகப்பன் பெயர் முன்னால் வருவதால் பதிவேட்டில் தகப்பனே இறந்தவராகத் தெரிவார். இருவர் பெயரிலும் தேடுங்கள்.

தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஃபெர்னாண்டோ, ரோட்ரிகோ, மச்சாடோ என்ற பெயர்களைப் பட்டியலில் பார்த்ததும் "இவர் கோவாக்காரர்" என்று நாமே தாண்டிப் போய்விடுவோம். பம்பாயிலிருந்து போன சலூன் பணியாளர்களில் கோவாக்காரர்கள் மிகுதி என்பதால் அப்படி நினைப்பது இயல்புதான். ஊர்ப் பெயரைப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள்.

நான்காம் படி: மூன்று கப்பல்களைக் கண்டுபிடியுங்கள்

பெயர் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, கப்பல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒரு கப்பல் போதாது. கடலில் கைதியாக இறந்த ஒருவரின் கதையில் மூன்று கப்பல்கள் இருக்கும்: அவர் வேலை பார்த்த கப்பல், அதைப் பிடித்த கப்பல், அவர் இறந்தபோது இருந்த கப்பல். சில சமயம் பின்னிரண்டும் ஒன்றே. சில சமயம் இல்லை. 'அட்லாண்டிஸ்' என்ற ஜெர்மானியக் கப்பல் தான் பிடித்தவர்களில் பலரை 1940 இறுதியில் 'துர்மிடோர்' என்ற கப்பலுக்கு மாற்றி இத்தாலிய சோமாலியாவுக்கு அனுப்பியது. 'பிங்குவின்' என்ற இன்னொரு ஜெர்மானியக் கப்பல் பிடித்தவர்கள் பலர் 'ஸ்டோர்ஸ்டாட்' என்ற எண்ணெய்க் கப்பலில் பிரான்சின் போர்டோ பகுதிக்கு 1941 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்கள். குடும்பத்துக்கு வந்த கடிதத்தில் முதல் கப்பலின் பெயர் மட்டும் இருந்தால், மற்ற இரண்டையும் நீங்கள்தான் தேட வேண்டும்.

இந்தியக் கடல்பரப்பைப் பொறுத்தவரை கீழே சொல்லும் சம்பவங்களில் உங்கள் தேதி பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிங்குவின் மூழ்கியதுதான் நம்மவர்களுக்கு மிக முக்கியமானது. 1941 ஏப்ரல் 25 அன்று 'எம்பயர் லைட்', 28 அன்று 'கிளான் புக்கானன்', மே 7 அன்று 'பிரிட்டிஷ் எம்பரர்' என்று அடுத்தடுத்து மூன்று கப்பல்களைப் பிங்குவின் பிடித்தது. அவற்றின் ஆட்களை உள்ளே அடைத்துவைத்திருந்தது. கைதிகளில் மிகப் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். மே 8 அன்று செஷல்ஸ் தீவுகளுக்கு வடக்கே பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'கார்ன்வால்' அதைக் கண்டுபிடித்துச் சுட்டது. பிங்குவினில் கடலில் விதைப்பதற்கான கண்ணிவெடிகள் நூற்றுக்கு மேல் மிச்சமிருந்தன. அவை வெடித்ததும் கப்பல் சில நிமிடங்களில் போய்விட்டது. 200க்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள். பிழைத்த கைதிகள் 25 பேர்கூட இல்லை. ஆக, 1941 மே மாதத்தோடு மணியார்டர் நின்ற வீடு என்றால் நான் முதலில் இங்கேதான் தேடுவேன்.

1944 மார்ச் வேறு வகை. 'பிஹார்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து பம்பாய் நோக்கி வந்துகொண்டிருந்தது. மார்ச் 9 அன்று ஜப்பானியப் போர்க்கப்பல் 'டோனே' அதை மூழ்கடித்து, தப்பியவர்களைக் கடலிலிருந்து தூக்கிக் கைதியாக வைத்துக்கொண்டது. படாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஒரு பகுதியினரை இறக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த 60க்கும் மேற்பட்டவர்களை மார்ச் 18 இரவில் கப்பல் தளத்திலேயே கொன்றார்கள். போர் முடிந்தபின் ஹாங்காங்கில் 1947இல் விசாரணை நடந்தது. ரியர் அட்மிரல் சகொஞ்ஜுவுக்குத் தூக்கு, கப்பல் தலைவர் மயுசுமிக்கு ஏழு ஆண்டு சிறை. அதே மார்ச் 26 அன்று டச்சுக் கப்பல் 'ட்ஜிசலாக்'கில் இருந்தவர்களை ஐ-8 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் பிடித்துத் தன் தளத்தில் வைத்துக் கொன்றது. பிழைத்தவர் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் இந்திய மாலுமி.

பயணிகளும் உண்டு. 1942 மே 10 அன்று 'நான்கின்' என்ற கப்பலை 'தோர்' என்ற ஜெர்மானியக் கப்பல் பிடித்தபோது பெண்களும் குழந்தைகளுமாக 150க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தார்கள். அவர்கள் ஜப்பானில் முகாமில் வைக்கப்பட்டார்கள்.

அந்தமானில் உறவுக்காரர்கள் இருந்த குடும்பங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1942 மார்ச் 23 முதல் தீவுகள் ஜப்பானியர் கையில் இருந்தன. 1945 ஆகஸ்டில், போர் முடியப்போகும் நேரத்தில், போர்ட் பிளேரிலிருந்து நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கப்பலேற்றி ஹாவ்லாக் தீவுக்கருகே கடலில் தள்ளினார்கள். அவர்கள் எந்தக் கப்பல் கம்பெனியின் ஆட்களும் அல்லர் என்பதால் கீழே சொல்லப்போகும் மாலுமிப் பட்டியல்களில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தில்லித் தேசிய ஆவணக் காப்பகமும் போர்ட் பிளேரும்தான் வழி.

ஐந்தாம் படி: மஸ்ஜித் பந்தருக்குப் போங்கள்

மும்பையில் இருப்பதன் பெரிய வசதி இது. மத்திய ரயில்பாதையில் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரத்தில் இந்திய மாலுமிகள் இல்லம் இருக்கிறது. முதல் உலகப்போரில் இறந்த, கடலே கல்லறையாகிப்போன 2,000க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் நினைவிடம் அங்கேதான் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் இறந்த இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் சுமார் 6,500 பேரின் பெயர்ப் புத்தகமும் அங்கே இருக்கிறது. அதன் மறுபிரதி வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையில் உள்ளது.

லண்டன் டவர் ஹில் நினைவிடத்துக்குப் போய்த் தேடிவிட்டு ஏமாந்து திரும்பியவர்களைத் தெரியும். அங்கே பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள்தாம். இந்தியப் பணியாளர்களுக்கு பம்பாயும் சிட்டகாங்கும் என்று பிரித்துவிட்டார்கள். ஒரே கப்பலில் ஒரே நிமிடத்தில் இறந்த கேப்டனின் பெயர் லண்டனில் வெண்கலத்தில், பண்டாரியின் பெயர் மஸ்ஜித் பந்தரில் புத்தகத்துக்குள். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அங்கே போவதற்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிவிடுங்கள். இலவசம். குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுவதை விட, கப்பலின் பெயரையும் இறந்த தேதியையும் போட்டு, பணி என்ற இடத்தில் வணிகக் கப்பற்படை என்று தேர்ந்தெடுங்கள். அந்த நாளில் இறந்த எல்லாரும் வரிசையாக வருவார்கள். அதில் "இன்னார் மகன், இன்ன ஊர்" என்ற கூடுதல் குறிப்பைப் படியுங்கள். ராம்நாடு, டின்னெவெலி, டூட்டிகொரின், நெகபட்டாம் என்று அந்தக் காலத்து ஆங்கில ஊர்ப்பெயர்கள்தாம் இருக்கும். பெயர் கிடைத்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போங்கள். அது மாலுமிகள் தங்கும் இடம், சுற்றுலாத் தலம் அல்ல. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அடையாள அட்டையோடு, வேலை நாளில் பகலில் போவதுதான் மரியாதை.

ஆறாம் படி: காப்பகங்கள்

எல்லாவற்றிலும் தேட வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு மிக நேரான வழி, லண்டனுக்கு அருகே க்யூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பி.டி. 373 வரிசை. கப்பல்கள் பிடிபட்ட விவரமும் கைதிகளின் தனித்தனி உறைகளும் அதில்தான் உள்ளன. கப்பலின் ஆள்பட்டியல்களும் பயணக் குறிப்புகளும் பி.டி. 381 வரிசையில். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்தியப் பணியாளர்களுக்குத் தனி ஒப்பந்தத் தாள் என்பதால், பட்டியலைக் கேட்கும்போது "லஸ்கர் ஒப்பந்தமும் வேண்டும்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். லண்டனில் படிக்கும் அல்லது வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் சொந்தத்தில் இருந்தால் ஒரு நாள் அனுப்புங்கள். படமெடுப்பதற்கு அங்கே காசு கேட்பதில்லை. பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

பிஹார் கப்பல் என்றால் எங்கும் போக வேண்டியதில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகம் அங்கு நடந்த 46 போர்க்குற்ற விசாரணைகளின் ஆவணங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. டோனே வழக்கும் அதில் உண்டு. படிக்கும்முன் ஒரு வார்த்தை: சாட்சியங்கள் கொடூரமானவை. வீட்டில் வயதானவர்களிடம் அப்படியே வாசித்துக் காட்டாதீர்கள்.

ஜெனீவாவின் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, முதல் உலகப்போர்க் கைதி அட்டைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்கு நீங்கள் விண்ணப்பம் போட வேண்டும். ஆண்டில் சில நாள்கள்தான் விண்ணப்பம் ஏற்கிறார்கள், பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இந்தியாவுக்குள் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் கப்பல் பெயரைப் போட்டுப் பாருங்கள். மும்பையில் காலா கோடாவில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் மகாராஷ்டிர அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குச் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பத்திரிகையில் தனி மாலுமி பெயர் வருவது அரிது. போர்க்காலத் தணிக்கையால் கப்பல் மூழ்கிய செய்தியே வாரக்கணக்கில் தள்ளித்தான் வரும்.

பணம் வாங்கிக்கொண்டு "எல்லாம் எடுத்துத் தருகிறேன்" என்பவர்களிடம் கவனம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் கிடைப்பவை.

ஏழாம் படி: பெயர் விடுபட்டிருந்தால்

கப்பல் கிடைக்கிறது, கூட வேலை பார்த்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, இவர் பெயர் மட்டும் இல்லை என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு எழுதலாம். அவர்கள் கேட்பது மூன்று விஷயத்துக்கு ஆதாரம்: அவர் அந்தக் கப்பலில் பணியில் இருந்தார் என்பது, அவர்களுடைய காலவரம்புக்குள் இறந்தார் என்பது (முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை), மரணம் போரால் நேர்ந்தது என்பது. குடும்பக் கதை மட்டும் போதாது, அந்தக் காலத்துத் தாள் ஒன்றாவது வேண்டும். எழுத்துப்பிழையைத் திருத்தவும் இதே வழிதான். ஆசிய, ஆப்பிரிக்கர்கள் பலரைப் பெயரில்லாமலும் சமமில்லாமலும் நினைவுகூர்ந்துவிட்டோம் என்று அந்த ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. அதனால் இப்போது எழுதுபவர்களை அலட்சியமாகத் திருப்பி அனுப்பும் காலம் இல்லை.

எட்டாம் படி: நாள் குறித்தலும் சடங்கும்

தேதி கிடைத்துவிட்டால் பஞ்சாங்கத்தில் அந்நாளின் திதியைப் பார்த்து ஆண்டுத் திதி வைக்கலாம். பிங்குவின் போன்ற சம்பவங்களில் நாள் உறுதியாகவே தெரியும். தெரியாதபோது ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் கொடுப்பது வழக்கம். ஆயுதத்தாலும் விபத்தாலும் இறந்தவர்களுக்கு மகாளய பட்சத்துச் சதுர்த்தசி என்று தனி நாளே உண்டு. உடல் கிடைக்காததால் சம்ஸ்காரமே செய்யாமல் விட்ட குடும்பங்கள் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் முறையைப் பற்றி மாட்டுங்காவின் சாஸ்திரிகளிடம் கேளுங்கள். மூன்று தலைமுறை தாண்டியபின் செய்யலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். உங்கள் குலவழக்கம் அறிந்தவர் சொல்வதைக் கேளுங்கள். மகாளய அமாவாசையில் வால்கேஷ்வர் பாண்கங்காவில் கூட்டம் நெரியும், விடியலிலேயே போய்விடுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மும்பையில் கல்லறை நிலம் நிரந்தரமில்லை, எலும்பை எடுத்துச் சுவர்மாடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்த மாடத்துப் பலகையிலேயே பாட்டி பெயருக்குக் கீழே இவர் பெயரையும் "கடலில்" என்ற சொல்லோடு சேர்க்கப் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். சொந்த ஊர்ச் செபஸ்தியார் கோயிலிலோ மாதா கோயிலிலோ ஒரு கல் வைக்க இடம் கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஊரார் படிப்பார்கள்.

இஸ்லாமியக் குடும்பங்களில், உடல் இல்லாதவருக்கான காயிப் ஜனாஸா தொழுகையை ஷாஃபி மத்ஹபில் ஏற்கிறார்கள், ஹனஃபியில் ஏற்பதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பொருந்துமா என்பதை இமாமிடம் கேளுங்கள். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளில் ஒருவர் என்ற நபிமொழியை வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவூட்டினால் ஆறுதலாக இருக்கும்.

கடலில் பூ விட நினைத்தால் மழைக்காலத்தை மறக்காதீர்கள். கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகுகளை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிறுத்திவிடுவார்கள்; ஆடி அமாவாசை அதற்குள் வந்துவிடும். மே 8 போன்ற நாள் என்றால் சிக்கலில்லை. உதிரிப்பூ மட்டும் போதும், தெர்மாகோல் வளையம் வேண்டாம். கடற்படைப் பகுதிகளை நோக்கிப் படமெடுக்காதீர்கள், போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள்.

பொதுவாக ஒரு நாள் வேண்டும் என்றால் ஏப்ரல் 5. 1919இல் அந்நாளில்தான் சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது கப்பல் தொழிலின் பெருமையைக் கொண்டாடும் நாள். உங்கள் தாத்தாவுக்கு அவருடைய நாளே பொருத்தம்.

ஒன்பதாம் படி: கல்லில் என்ன எழுதுவது

இங்கே எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. "வீரமரணம் அடைந்த தியாகி" என்று எழுதாதீர்கள். அவர் சம்பளத்துக்குப் போனவர். யாரையும் சுடவில்லை. 1907 ஹேக் உடன்படிக்கையின்படி, போர் நடக்கும் காலத்தில் போர் சம்பந்தமான வேலைக்குத் திரும்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிட வேண்டிய ஆள் அவர். அவரைச் சிப்பாயாக்கிப் பெருமைப்படுத்துவது, அவருக்கு நடந்த அநியாயத்தை மறைப்பதில்தான் முடியும்.

அதேபோல், யார் குண்டில் இறந்தார் என்பதையும் மழுப்பாதீர்கள். "ஜெர்மானியரால் கொல்லப்பட்டார்" என்று எழுதிவிட்டால் சுருக்கமாக இருக்கும், பிங்குவின் விஷயத்தில் அது உண்மையில்லை. அதற்காகக் கார்ன்வாலைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம். எதிரில் இருந்தது சரக்குக் கப்பல் வேடம் போட்ட போர்க்கப்பல், அதுவும் திருப்பிச் சுட்டது. வேலை, பிடித்தவர், இறந்த விதம் மூன்றும் இருந்தால் போதும். மாதிரிக்கு:

"இன்னார், இன்னார் மகன், தூத்துக்குடி. கிளான் புக்கானன் கப்பலில் பண்டாரி. 1941 ஏப்ரல் 28 அன்று ஜெர்மானியக் கப்பல் பிங்குவினால் சிறைப்பிடிக்கப்பட்டார். மே 8 அன்று பிரிட்டிஷ் கப்பல் கார்ன்வால் தாக்கியதில் பிங்குவின் மூழ்கியபோது அதனுள் கைதியாக இறந்தார். மனைவி இன்னாரும் மக்கள் இன்னாரும் பம்பாயில் காத்திருந்தனர்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காத்திருந்தவளின் பெயர் எந்தக் காப்பகத்திலும் இல்லை.

பத்தாம் படி: சேர்த்ததைப் பத்திரப்படுத்துங்கள்

எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோப்புக்கும் தமிழிலேயே பெயர், தேதி, எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். ஆவண எண் இல்லாத படம் பத்தாண்டில் பயனற்றதாகிவிடும். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் மட்டும் போதாது, படம் சுருங்கிவிடும், இரண்டு மாதத்தில் யார் போனிலும் இருக்காது. ஒரு பிரதியைச் சொந்த ஊரில் இருப்பவர்களிடம் கொடுங்கள். மூலத்தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில், மும்பையின் ஈரத்துக்கு எட்டாத அலமாரியில், மேல்தட்டில் வையுங்கள்.

ஒரே கப்பலில் இறந்த மற்ற இந்தியர்களின் பட்டியல் உங்களிடம் இப்போது இருக்கும். அதில் ரத்னகிரி, சூரத், சில்ஹெட், நவகாளி, கோவா ஊர்ப்பெயர்கள் நிறைய வரும். அந்தப் பட்டியலையும் கப்பல் பெயர், தேதி, ஆவண எண்ணோடு தட்டச்சு செய்து இணையத்தில் திறந்து வையுங்கள். உயிரோடிருப்பவர்களின் முகவரி, போன் எண் மட்டும் வேண்டாம். அந்த ஊர்களில் ஏதோ ஒரு வீட்டில் யாராவது அதே கப்பல் பெயரைத் தட்டிப் பார்க்கும்போது உங்கள் பட்டியல்தான் முதலில் வரும்.